தாய்நாடு என்பது தந்தையின் நாடு மட்டும்தானா?

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் குடிநுழைவுப் பகுதியில் ஒரு குடும்பம் வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். தாய் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். தந்தை திருச்சிக்காரர். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது சந்தித்துத் திருமணம் செய்துகொண்டவர்கள். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்ததால் மூத்த மகள் கிள்ளானில் பிறந்தாள். இளைய மகன் பிறந்தது 2020ஆம் ஆண்டின் நடுவில். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, ஜொகூர் பாலம் வெறிச்சோடிக் கிடந்த நேரம் அது. அம்மா வீட்டுக்கு வர வழியில்லாமல் சிங்கப்பூரிலேயே பிரசவம் நடந்தது. பிறகு தந்தையின் வேலை அந்தக் குடும்பத்தைத் துபாய்க்கு அழைத்துச் சென்றது.

இன்று அவர்கள் பாட்டியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். தாயும் மகளும் மலேசியக் கடப்பிதழுடன் ஒரு வரிசையில் நிற்கிறார்கள். தந்தையும் மகனும் இந்தியக் கடப்பிதழுடன் வெளிநாட்டினர் வரிசையில் நிற்கிறார்கள். மகள் 12 வயதில் மைகார்டு எடுப்பாள். மகனுக்கு எத்தனை நாள் தங்கலாம் என்று முத்திரை குத்தப்படும்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இதே நிலையில் உள்ள தாய்மார்கள் பலர். அவர்களில் 6 பேர் ஃபேமிலி ஃப்ரண்டியர்ஸ் என்ற அரசு சாரா அமைப்புடன் சேர்ந்து 2020 டிசம்பரில் நீதிமன்றத்தை நாடிய பிறகுதான், 1957இலிருந்து சட்டத்தில் இருந்த ஒரு சொல் பொதுவிவாதத்திற்கு வந்தது. அந்தச் சொல் ‘தந்தை’.

எந்த ஊர்ப் பிள்ளை?

பல நாடுகளில் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஆய்வுலகம் எழுபது ஆண்டுகளாகப் பேசி வருகிறது. 1950களில் இந்தியாவில் வேலை பார்த்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசிம், அக்குடும்பங்களின் பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று அழைத்தார். பெற்றோரின் பண்பாடு ஒன்று, வாழும் நாட்டின் பண்பாடு இன்னொன்று. இரண்டிலும் முழுமையாகச் சேராமல், தம்மைப் போன்ற பிள்ளைகளோடு மட்டும் பகிர்ந்துகொள்ளும் மூன்றாவது ஒன்று அவர்களிடம் உருவாகிறது என்றார். 1999இல் டேவிட் பொல்லொக், ரூத் வான் ரீக்கன் இருவரும் எழுதிய நூல் இந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பியது. ‘சொந்த ஊர் எது’ என்று கேட்டால் தடுமாறுவது, எங்கும் நண்பர்கள் இருந்தும் எங்கும் வேர் இல்லாததுபோல் உணர்வது ஆகியவை இவர்களின் பொதுவான அனுபவம் என்று அந்த ஆய்வுகள் சொல்கின்றன.

நம் கற்பனைக் குடும்பத்தின் இளைய மகனுக்கும் அது பொருந்தும். திருச்சியில் பெரியப்பா பிள்ளைகளுக்கு அவன் ‘மலேசியாக்காரன்’. கிள்ளானில் பக்கத்து வீட்டாருக்கு அவன் ‘இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை’. துபாய்ப் பள்ளியில் அவன் ‘சிங்கப்பூரில் பிறந்தவன்’. பாட்டியிடமிருந்து கற்ற தமிழில் ‘பாசார்’ என்பான், ‘கம்போங்’ என்பான். திருச்சியில் அந்தச் சொற்கள் யாருக்கும் புரியாது.

ஆனால் யூசிம் ஆராய்ந்த பிள்ளைகளுக்கும் இவனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அந்தப் பிள்ளைகள் எங்கே வளர்ந்தாலும் திரும்பிச் செல்ல ஒரு நாடு இருந்தது. பெற்றோர் வைத்திருந்த அதே கடப்பிதழ் அவர்கள் கையிலும் இருந்தது. ‘நான் யார்’ என்ற கேள்வியை அவர்கள் மெதுவாக யோசிக்க முடிந்தது. இவனுடைய கேள்விக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. தந்தையின் வேலை போனால் துபாய் விசாவும் போய்விடும். சிங்கப்பூரில் பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவர்கூட அந்நாட்டுக் குடிமகன் அல்ல என்பதால் அங்கே உரிமை இல்லை. தாய் தன் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கிள்ளானுக்கே திரும்ப முடிவெடுத்தால், மகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதற்கும் மகனைச் சேர்ப்பதற்கும் தேவைப்படும் தாள்கள் வேறு வேறு.

பொது மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் மகளுக்கு 1 வெள்ளி கட்டினால் போதும். மகனுக்கு வெளிநாட்டினர் கட்டணம். மகளுக்குப் பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பமும் பி.டி.பி.டி.என். கடனும் ஒருநாள் கிடைக்கும். மகனுக்கு இரண்டும் இல்லை. நாட்டோடு உள்ள உறவு மனத்தளவில் எப்படியிருந்தாலும், அன்றாடத்தில் அது முகப்புக்கு முகப்பு கேட்கப்படும் கேள்வியாகிவிடுகிறது.

சட்டம் எங்கே பிரிக்கிறது?

கூட்டரசு அரசமைப்பின் 14ஆவது பிரிவும் இரண்டாம் அட்டவணையும் யார் சட்டத்தின் இயக்கத்தாலேயே குடிமகன் ஆகிறார் என்பதைச் சொல்கின்றன. மலேசியாவுக்குள் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். அது தந்தையா தாயா என்று சட்டம் கேட்கவில்லை. நம் குடும்பத்தின் மூத்த மகள் அப்படித்தான் மலேசியரானாள்.

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு விதி மாறுகிறது. பிறக்கும்போது ‘தந்தை’ குடிமகனாக இருக்க வேண்டும். அவர் மலேசியாவில் பிறந்தவராகவோ அரசுப் பணியில் இருப்பவராகவோ இருக்க வேண்டும். இல்லையெனில் பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். இந்தப் பட்டியலில் தாய் என்ற சொல் இல்லை. கிள்ளான் பெண் திருச்சி ஆணை மணந்தால் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை மலேசியர் அல்ல. கிள்ளான் ஆண் திருச்சிப் பெண்ணை மணந்தால் அதே மருத்துவமனையில் பிறக்கும் பிள்ளை மலேசியர்.

தாய்க்கு விடப்பட்ட ஒரே வழி 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால், 21 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைக் குடிமகனாகப் பதியும்படி அரசிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அரசு ‘பதியலாம்’ என்றுதான் அங்கே இருக்கிறது. ‘பதிய வேண்டும்’ என்று இல்லை. குடியுரிமை தொடர்பில் அரசு எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய முடியாது என்றும் அதே அட்டவணை சொல்கிறது. ஆண்டுக் கணக்கில் காத்திருந்து, காரணம் தெரியாமல் நிராகரிப்புக் கடிதம் பெற்ற தாய்மார்களின் அனுபவம்தான் வழக்காக மாறியது.

நீதிமன்றத்திலிருந்து நாடாளுமன்றத்திற்கு

2021 செப்டம்பர் 9ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி டத்தோ அக்தார் தாஹிர், ‘தந்தை’ என்ற சொல்லில் தாயும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். பாலினத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 8ஆவது பிரிவில் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட திருத்தத்தோடு இணைத்தே குடியுரிமை விதியைப் படிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஓராண்டுக்குள் நிலைமை தலைகீழானது. 2022 ஆகஸ்ட் 5ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2–1 என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டத்தின் சொல் தெளிவாக இருக்கிறது, அதை மாற்றும் பொறுப்பு நாடாளுமன்றத்துடையது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் நிலைப்பாடு. தாய்மார்களின் பக்கம் நின்று மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எஸ். நந்தபாலன்.

அதன்பின் பந்து அரசியல்வாதிகளின் பக்கம் வந்தது. 2023 பிப்ரவரியில் அமைச்சரவை திருத்தத்திற்கு ஒப்புக்கொண்டது. குடியுரிமை விதிகளைத் திருத்த மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு மலாய் ஆட்சியாளர்கள் மன்றத்தின் இசைவும் வேண்டும். 2024 மார்ச்சில் மசோதா தாக்கல் செய்யப்பட்டது. அக்டோபர் 17ஆம் தேதி 222 உறுப்பினர்கள் கொண்ட மக்களவையில் 206 பேர் ஆதரவாக வாக்களித்தனர். டிசம்பரில் மேலவையும் ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும் என்பது புதிய நிலை.

எந்தக் கட்சியும் எதிர்த்து நிற்க விரும்பாத திருத்தமாக இது மாறியதே பெரிய வெற்றி. ஆனால் அந்த வெற்றியின் எல்லைகளையும் பார்க்க வேண்டும்.

யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது?

முதலாவது எல்லை, காலம். திருத்தம் பின்னோக்கிச் செல்லாது. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கே அது பொருந்தும். வழக்குப் போட்ட தாய்மார்கள் யாருக்காக நீதிமன்றப் படி ஏறினார்களோ, அந்தப் பிள்ளைகள் இந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். நம் கற்பனைக் குடும்பத்தில் மூன்றாவதாக ஒரு தம்பியோ தங்கையோ துபாயில் பிறந்தால், அந்தக் குழந்தை மலேசியராகப் பிறக்கும். நடுப்பிள்ளை மட்டும் தனித்து நிற்பான். மூன்று பிள்ளைகளில் ஒருவன் மட்டும் வெளிநாட்டவன் என்பதற்கு அவன் பிறந்த தேதியைத் தவிர வேறு காரணம் இருக்காது.

இரண்டாவது எல்லை, வயது. விண்ணப்பத்திற்கான வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைப்பதும் இதே திருத்தத்தின் ஒரு பகுதி. வெளியே நிற்கும் பிள்ளைகளுக்கு 15ஆவது பிரிவு மட்டுமே மிஞ்சியிருக்கும்போது, அந்த வழியில் மூன்று ஆண்டுகள் குறைகின்றன. ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மறுபடி முயல்வதற்குள் பிள்ளை வயது கடந்துவிடும் ஆபத்து இதனால் கூடுகிறது.

மூன்றாவது எல்லை நம் சமூகத்திற்கு இன்னும் நெருக்கமானது. மலேசிய மண்ணில் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் நிரந்தர வசிப்பிடத் தகுதி, அதாவது சிவப்பு அடையாள அட்டை, வைத்திருந்தாலும் தானாகக் குடியுரிமை கிடைத்து வந்தது. புதிய திருத்தம் அந்த வழியை மூடுகிறது. பெற்றோர் அற்ற நிலையில் கண்டெடுக்கப்படும் குழந்தைகள் தொடர்பான மாற்றங்கள் கடும் எதிர்ப்புக்குப் பிறகு மீட்டுக்கொள்ளப்பட்டன. சிவப்பு அட்டைக்காரர்களின் பிள்ளைகள் பற்றிய மாற்றம் நீடித்தது.

இந்திய சமூகத்தின் மூத்தவர்களுக்குச் சிவப்பு அட்டையின் வரலாறு நன்றாகத் தெரியும். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து, விண்ணப்பிக்கத் தெரியாததால் அல்லது பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் குடியுரிமை பெறாமல் போனவர்கள் ஏராளம். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது பல்லாயிரம் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். ஒரே நாட்டில் வாழ்நாள் முழுவதும் இருந்தவர்களுக்கே ‘நீ எந்த ஊர்’ என்ற கேள்வி எழுந்தது என்றால், பல நாடுகளில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கு அது எழுவதில் வியப்பில்லை. இரண்டு தலைமுறைகளிலும் தாளில் இல்லாததை வாழ்ந்த வாழ்க்கையைக் கொண்டு நிரூபிக்க முடியவில்லை.

அண்டை நாடுகள் என்ன செய்தன?

சிங்கப்பூர் 2004ஆம் ஆண்டு மே 15ஆம் தேதியிலிருந்து தாய்வழிக் குடியுரிமையைத் தந்தைவழிக்குச் சமமாக்கியது. அதே நேரத்தில் வம்சாவளியால் குடியுரிமை பெற்றவர்கள் 21 வயதை எட்டிய ஓராண்டுக்குள் விசுவாச உறுதிமொழி எடுத்து, வேறு நாட்டுக் குடியுரிமையைக் கைவிட வேண்டும். அந்தச் சட்டம் கடுமையானதுதான். ஆனால் எங்கே சேர்வது என்ற முடிவைப் பெரியவனாகிவிட்ட பிள்ளையிடமே அது விட்டுவிடுகிறது.

இந்தோனேசியா 2006ஆம் ஆண்டின் 12ஆவது சட்டத்தில் இன்னும் ஒரு படி சென்றது. தாய்வழிக் குடியுரிமையை ஏற்றதோடு, கலப்புத் திருமணப் பிள்ளைகள் 18 வயது வரை இரண்டு குடியுரிமைகளையும் வைத்திருக்கலாம் என்றும், அதன்பின் மூன்று ஆண்டுகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் விதித்தது. மலேசியாவுக்கு முக்கியமான பாடம் அதன் இடைக்கால ஏற்பாட்டில் இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே பிறந்து, 18 வயதை எட்டாத பிள்ளைகள் நான்கு ஆண்டுகளுக்குள் பதிந்துகொள்ள அது வாய்ப்பளித்தது. அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களுக்காக 2022இல் மறுபடியும் ஒரு வாய்ப்பு உருவாக்கப்பட்டது.

ஆக, பின்னோக்கிச் செல்லாத சட்டத்திற்கும் எல்லாரையும் ஒரே நாளில் ஏற்கும் சட்டத்திற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அரசமைப்பை மீண்டும் திருத்தாமலே மலேசியா அதைச் செய்ய முடியும். 15ஆவது பிரிவின் கீழ் உள்ள அதிகாரம் ஏற்கெனவே உள்துறை அமைச்சின் கையில் இருக்கிறது. மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் விண்ணப்பங்களுக்குத் தனி வரிசை, பதிலுக்கு ஒரு காலக்கெடு, நிராகரித்தால் எழுத்தில் காரணம் ஆகிய மூன்றும் நிர்வாக முடிவுகள்தாம்.

இரட்டைக் குடியுரிமை என்ற அச்சம்

தாய்வழிக் குடியுரிமைக்கு எதிராக அடிக்கடி சொல்லப்பட்ட காரணம், பிள்ளை இரண்டு நாடுகளுக்குச் சொந்தமாகிவிடும் என்பது. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவரின் உரிமையைப் பறிக்க 24ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் பெண்ணை மணந்த மலேசிய ஆணின் பிள்ளைக்கும் இதே நிலை வரலாம். அங்கே எழாத அச்சம் இங்கே மட்டும் எழுந்ததற்கு, குடும்பம் என்றால் தந்தையைத் தொடர்ந்து செல்வது என்ற பழைய எண்ணமே காரணம்.

உலகில் ஏறக்குறைய 25 நாடுகளில் இத்தகைய சமமற்ற விதிகள் உள்ளன என்பது அகதிகளுக்கான ஐ.நா. ஆணையத்தின் கணக்கு. 1995இல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்பாட்டில் சேர்ந்தபோது, பிள்ளைகளின் குடியுரிமையில் தாய்க்குச் சம உரிமை தரும் விதிக்கு மலேசியா விலக்குக் கோரியது. திருத்தத்திற்குப் பிறகு அந்த விலக்கைத் தொடர்வதற்குக் காரணம் குறைகிறது.

தமிழில் நாட்டைத் தாய் என்கிறோம், மொழியைத் தாய் என்கிறோம். பிள்ளை எந்த நாட்டுக்கு உரியது என்று கேட்டால் மட்டும் நம் வீடுகளில் தந்தையைத்தான் பார்க்கிறோம். ‘வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டால் பெண்ணும் பிள்ளையும் அந்த நாடுதான்’ என்ற பேச்சு கல்யாண வீடுகளில் இன்றும் கேட்கிறது. சட்டம் மாறிய பிறகும் இந்தப் பேச்சு மாறாவிட்டால், வெளிநாட்டில் பிறந்த பேரனைப் பாட்டி வீட்டுக்கு வந்த விருந்தாளியாக நடத்துவது நாமாகத்தான் இருப்போம்.

குடும்பங்கள் இப்போது கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டவரை மணந்த மலேசியப் பெண்கள், புதிய சட்டத்திற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு 15ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. வயது வரம்பு 18 என்றாகும்போது, பதின்ம வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் வரும். தாயின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்வதும், அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திற்கும் நகல் எடுத்து வைப்பதும் அவசியம்.

இன்னொன்று திருமணப் பதிவு. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்கள் 1982 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து சட்டப்படி பதியப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்டுப் பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த குடும்பங்களில் பிள்ளைகளின் குடியுரிமை சிக்கலாகியிருக்கிறது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4–3 என்ற பெரும்பான்மையில் அளித்த ஒரு தீர்ப்பும் இதையே காட்டியது. பிலிப்பீன்ஸில் மலேசியத் தந்தைக்குப் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் திருமணம் செய்துகொண்டது பிறப்புக்குப் பின்னர்தான் என்பதால் குடியுரிமை இல்லை என்றானது. தந்தை மலேசியர் என்பது மட்டும் அங்கே போதவில்லை.

சிவப்பு அட்டை வைத்திருக்கும் பெற்றோரோ தாத்தா பாட்டியோ உள்ள குடும்பங்கள், அவர்களின் குடியுரிமை விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இப்போதே விசாரிப்பது நல்லது. இனி அது அடுத்து பிறக்கப்போகும் பிள்ளையையும் பாதிக்கும். உதவி தேவைப்படுவோர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சேவை மையத்தை அணுகலாம்.

பல நாடுகளில் வளர்ந்த ஒரு பிள்ளை பெரியவனான பிறகு எந்த ஊரைத் தன் ஊர் என்று சொல்வான் என்பதை எந்தச் சட்டமும் தீர்மானிக்க முடியாது. கிள்ளானோ திருச்சியோ துபாயோ, அது அவன் முடிவு. அந்த முடிவில் கிள்ளானும் ஒன்றாக இருக்க வேண்டுமானால், பாட்டி வீட்டில் அவன் முத்திரையின் நாள்களை எண்ணாமல் தங்க முடிய வேண்டும். அதற்கான அதிகாரம் புத்ராஜெயாவில் ஏற்கெனவே இருக்கிறது. 206 பேர் கை தூக்கிய மன்றம் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்காகப் பேசிவிட்டது. பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கும் போய்க்கொண்டிருப்பவர்களைப் பற்றியும் அது பேச வேண்டிய நேரம் இது.